ஊரடங்கில் கம்பெனியை மூடினால் சம்பளம் உண்டா? தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம்

சுந்தரபாண்டியபுரம்,

"கடையை மூடியாச்சு. திறக்கும்போது சொல்லி அனுப்புறோம், அதுவரைக்கும் சம்பளம் கிடையாது." 2020-ம் ஆண்டு மார்ச் மாத கடைசியில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது கூலி வேலைக்கு போகிற பலர் கேட்ட பேச்சு இது. சுந்தரபாண்டியபுரம் பகுதியில் வயல் வேலையை விட்டால் பீடி சுற்றுவது, தென்காசி, சுரண்டை கடைகளுக்கு வேலைக்கு போவது, சீசனுக்கு குற்றாலம் லாட்ஜ்களில் வேலை பார்ப்பது என்றுதான் பிழைப்பு. அந்த ஆண்டு சீசனில் அருவியில் குளிக்கவே அனுமதி இல்லை. லாட்ஜும் இல்லை, சிப்ஸ் கடையும் இல்லை.

முதலாளி அப்படி சொல்வது சட்டப்படி சரியா? மறுபடி ஒரு தொற்று வந்து கதவை மூடினால் தொழிலாளி எதை கேட்கலாம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

54 நாள் உத்தரவு

2020 மார்ச் 29-ந்தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. ஊரடங்கால் மூடப்பட்ட தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம் எதுவானாலும் தொழிலாளர்களுக்கு பிடித்தம் இல்லாமல், உரிய தேதியில் முழு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. பேரிடர் மேலாண்மை சட்டத்தின் கீழ் போடப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த சம்பளத்துக்கு அரசு ஒரு ரூபாய் கூட தரவில்லை, முழு சுமையும் முதலாளி தலையில் விழுந்தது. பெங்களூருவை சேர்ந்த 'பைகஸ் பேக்ஸ்' உள்பட பல நிறுவனங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள். வழக்கு நடக்கும்போதே மே 18-ந்தேதி முதல் அந்த உத்தரவை மத்திய அரசு கைவிட்டுவிட்டது. ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 முதல் கணக்கு போட்டால் மொத்தம் 54 நாள்.

ஜூன் 12-ந்தேதி நீதிபதிகள் அசோக் பூஷண், சஞ்சய் கிஷன் கவுல், எம்.ஆர்.ஷா ஆகியோர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தனர். சம்பளம் கொடுக்காத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசி தீர்க்கலாம், முடியாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரிகள் சமரசம் பேசலாம் என்றனர். அதே உத்தரவில், வேலைக்கு வர விரும்பும் தொழிலாளியை சேர்த்துக்கொள்ள வேண்டும், பாக்கி சம்பளம் கேட்கும் உரிமை அதனால் போய்விடாது என்றும் சொல்லப்பட்டது. இந்த இரண்டாவது விஷயத்தை பலபேர் கவனிக்கவே இல்லை.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. அங்கே 'பர்லோ' என்ற திட்டத்தில், வீட்டில் இருக்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2 ஆயிரத்து 500 பவுண்டு வரை, அரசே கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை அது ஓடியது. ஆனால் அங்கேயும் முதலாளி இஷ்டப்பட்டு பெயர் கொடுத்தால்தான் காசு. என்னை சேர்த்துவிடு என்று தொழிலாளி சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது.

பாதி சம்பளம் யாருக்கு?

நம் நாட்டில் பெருந்தொற்றுக்கு முன்பே இருக்கும் ஒரு உரிமை 'லே-ஆப்' இழப்பீடு. மூலப்பொருள் இல்லை, இயற்கை பேரிடர் போன்ற காரணத்தால் வேலை கொடுக்க முடியாமல் போனால், அடிப்படை சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் தர வேண்டும். முன்பு 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவு சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது.

இதில் வேலி நிறைய. 50 தொழிலாளிக்கு குறையாத ஆலையாக இருக்க வேண்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். சீசன் தொழிலுக்கு கிடையாது. தினமும் ஒருமுறை வேலை நேரத்தில் ஆலைக்கு போய் ஆஜராகவில்லை என்றால் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். பஸ்சே ஓடாத ஊரடங்கில் எப்படி போவது என்று கேட்டால் அதற்கு சட்டத்தில் பதில் இல்லை. ஆகவே வர தயாராக இருக்கிறேன் என்று போனிலாவது தகவல் அனுப்பி வைத்திருப்பது கைகொடுக்கும்.

உண்மையை சொன்னால், 5 பேர் வேலை பார்க்கும் கடைக்கும் சீசன் லாட்ஜுக்கும் இது எட்டாது.

உழைத்த காசு

இங்கேதான் எல்லாருக்கும் பிடிமானம் இருக்கிறது. மூடிய நாளுக்கு சம்பளம் உண்டா என்பதில்தான் வழக்கு. ஏற்கனவே உழைத்த நாளுக்கு சம்பளத்தை நிறுத்த எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. மார்ச் 24 வரை வேலை பார்த்தவருக்கு அந்த 24 நாள் கூலி வந்தே ஆக வேண்டும், கல்லாவில் காசு இல்லை என்ற பேச்சு செல்லாது.

இப்போது அமலில் உள்ள ஊதிய சட்டத்தொகுப்புப்படி மாத சம்பளம் அடுத்த மாதம் 7-ந்தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் 2 வேலை நாளுக்குள் கணக்கு தீர்க்க வேண்டும். ஊரடங்கில் கொடுத்த முன்பணத்தை பிறகு கழிக்கும்போது, எல்லா பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியை தாண்டக்கூடாது. பாக்கி கேட்டு 3 ஆண்டு வரை மனு போடலாம். பாக்கியோடு அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடு வாங்கித்தர அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

கடை ஊழியர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41-வது பிரிவின்படி 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் ஒரு மாத சம்பளம் தர வேண்டும்.

இதை தவிர்க்க சில முதலாளிகள் கையாளும் வழிதான் ராஜினாமா கடிதம். "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா, திறந்ததும் முதல்ல உன்னத்தான் கூப்பிடுவேன்" என்பார்கள். போட்டுவிட்டால் நீங்களாகவே விலகியதாக கணக்கு. நோட்டீஸ் சம்பளமும் போச்சு, லே-ஆப் பேச்சும் போச்சு. வெற்று பேப்பரில் கையெழுத்து கேட்டாலும் போடக்கூடாது.

பீடி சுற்றும் பெண்கள்

இலையும் தூளும் வந்தால்தான் சுற்ற முடியும், சுற்றினால்தான் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஊரடங்கில் இலை வராமல் போனதும் வருமானம் நின்றது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் கம்பெனியின் தொழிலாளிதான், பி.எப். உண்டு என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. 2020-ல் பி.எப். இருப்பில் 75 சதவீதம் அல்லது 3 மாத சம்பளம், இதில் எது குறைவோ அதை திருப்பிக்கட்டாமல் எடுக்க அரசு அனுமதித்தது. பெயர் பதிந்து பி.எப். கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அது உதவியது. அடுத்தவர் பாஸ்புக்கில் சுற்றிக் கொடுத்தவர்களுக்கு கேட்கவே வழி இல்லை. (அந்த கொரோனா சலுகை 2024-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.)

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மாதம் ரூ.21 ஆயிரம் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய் வந்து டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலை போனவர்களுக்கு, சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாக இருந்த உதவித்தொகையை 2020 மார்ச் 24 முதல் 50 சதவீதமாக உயர்த்தி 90 நாள் வரை தந்தார்கள். முதலாளி கையெழுத்து இல்லாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கவும் அனுமதி கொடுத்தார்கள். இந்த திட்டத்துக்கு அவ்வப்போதுதான் காலநீட்டிப்பு வரும் என்பதால், வேலை போனதும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே போவது?

முதலில் தொழிலாளர் துறை அலுவலகம். தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். வக்கீலுக்கு காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலை தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை வேலை பார்த்ததற்கான ஆதாரங்கள். சம்பள சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எப். எண், அடையாள அட்டை, பீடி பாஸ்புக். எதுவுமே இல்லையென்றால் ஜிபேயில் சம்பளம் வந்த விவரம், "நாளைக்கு வர வேண்டாம்" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்-அப் மெசேஜ் கூட போதும், அதை அழித்துவிடக்கூடாது. மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியுடன் சீல் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.