திருகோணமலைத் துறைமுகமும் சமூகவியலின் மூலவர்களும்

மார்க்ஸ், துர்கைம், வெபர் என்னும் மூவரின் கொள்கைகளை நம் மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஐரோப்பிய ஆலைகளையும் நகரங்களையும் கண்டு எழுதிய இவர்கள் இன்றைய இலங்கையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கொள்கையின் உரத்தை நூலகத்தில் அளந்தறிய முடியாது. நாம் நிற்கும் மண்ணில் வைத்தே அதனைச் சோதித்தல் வேண்டும். திருகோணமலையை அத்தகைய சோதனைக் களமாகக் கொள்வோம்.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் இங்கு நாடியது வணிகத்தையன்று. தேயிலைப் பெட்டிகள் கொழும்பிலிருந்தே கப்பலேறின. திருகோணமலையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது பெருங்கப்பல்களை மறைத்து நிறுத்தக்கூடிய ஆழமான குடா ஒன்றே. சீனன்குடாவை அடுத்த காட்டினுள் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்களை அவர்கள் எழுப்பியதும் அதற்காகத்தான். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்நகரின்மீது குண்டு வீசியதற்கும் காரணம் அதுவே.

உற்பத்திச் சாதனங்கள் யாருடைய கையில் உள்ளன என்ற மார்க்ஸின் கேள்வியை இங்கே எழுப்பினால் விடை தெளிவாகக் கிடைக்கும். துறைமுகம் ஏகாதிபத்தியத்தின் உடைமை. உழைப்பு மட்டுமே மக்களுடையது. ஆனால் நவீன தொழில் பரம்பரைப் பிரிவினைகளைக் கரைத்துவிடும் என்று இந்தியாவைப் பற்றி 1853இல் மார்க்ஸ் கொண்ட எதிர்பார்ப்பு இங்கே நிறைவேறவில்லை. இங்கு வளர்ந்தது போர்த்தளம், தொழிற்சாலை அன்று. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அத்தளத்தை நம்பி வாழ்ந்தோர் பலரின் பிழைப்பும் அதனுடன் போயிற்று. தொழிலாளி வர்க்கமாகத் திரண்டிருக்க வேண்டியவர்கள் சிதறினர். மா ஆலையும் சீமெந்து ஆலையும் வருவதற்கு 1980கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலை இல்லாத இடத்தில் நிலமும் வேலையும் வழங்கும் பெருங்கை அரசாங்கமே ஆகிறது. இவ்விடத்தில் வெபர் நமக்குத் துணை வருகிறார். நவீன அதிகாரம் வாளினால் மட்டும் நடப்பதன்று, கோப்பினாலும் விதியினாலும் நடப்பது என்று விளக்கியவர் அவர். சுதந்திரத்தின் பின் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. 1946இல் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராயிருந்த சிங்களவர் 1981இல் மூன்றில் ஒரு பங்கினராயினர். குடியேறிய விவசாயியும் நிலமற்ற ஏழையே என்பதை மறத்தலாகாது. அவனுக்கு நிலம் கிடைத்தது குற்றமன்று. ஆனால் யாருக்கு நிலம் என்பதைக் கச்சேரிக் கோப்பும் கொழும்பின் அரசியலும் தீர்மானித்தபோது, ஏழையின் பசி இனத்தின் கணக்காக மாற்றப்பட்டது.

அப்படியாயின் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த மக்கள் எவ்வாறு பிரிந்தனர்? மூதூரின் நெல்லும், கரைவலை இழுப்போரின் மீனும், நகரக் கடைகளின் சரக்கும் ஒன்றையொன்று நம்பியே இருந்தன. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்குள்ள மீனவர் இக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்ததும் உண்டு. தொழிற் பிரிவினை மக்களைப் பிணைக்கும் என்று 1893இல் துர்கைம் எழுதினார். அத்தனை பிணைப்பும் 1983இன் தீயைத் தடுக்கவில்லையே என்று அவரை எள்ளி ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே நூலின் இறுதிப் பகுதியில் அவர் ஓர் எச்சரிக்கையும் செய்துள்ளார்: சமவாய்ப்பின்றி வலிந்து சுமத்தப்பட்ட தொழிற் பிரிவினை ஒற்றுமையை வளர்க்காது, பகையையே வளர்க்கும். அப்பகுதியைப் படியாமல் துர்கைமைப் படித்ததாகச் சொல்வதில் பொருளில்லை.

மூவரிடமும் குறையுண்டு. அவர்களுடைய சித்தாந்தத்தின் நடுவே நின்றது ஐரோப்பா. குடியேற்ற நாடு அதன் ஓரத்திலேயே நின்றது. அக்குறையை நிரப்ப வேண்டியவர்கள் நாமே. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்விகள் பழமையடையவில்லை. எண்ணெய்க் குதங்களையே பாருங்கள். 1987இல் இலங்கை–இந்திய ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை பேசப்பட்டன. 2003இல் மீண்டும் ஓர் உடன்பாடு. 2022 ஜனவரியில் 14 குதங்கள் இந்திய நிறுவனத்துக்கும், 24 இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. குடாவின் கரையில் வாழும் மீனவனுக்கும் கூலியாளுக்கும் உரிய பங்கு எது என்ற வினா மட்டும் எஞ்சி நிற்கிறது.

உடைமை யாருடையது? அதிகாரம் எதன் பெயரால் நடக்கிறது? மக்களை இணைப்பது எது? இக்கேள்விகளை வகுப்பறையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டு செல்லும் ஆசிரியரும், அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூவரிடமும் விடை கேட்கும் மாணவருமே சமூகவியலை வாழவைப்பர்.