பெருந்தொற்றுக் காலக் கவசக் கொள்முதல்: பிரிட்டன், 2020

முகக்கவசம், கையுறை, மேலங்கி முதலிய மருத்துவப் பாதுகாப்புப் பொருள்களைப் பெருந்தொற்றின் நடுவே ஓர் அரசு எப்படி வாங்குகிறது என்பதற்கு, தணிக்கை அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளுமாக விரிவான ஆவணங்கள் உள்ள நிகழ்வு பிரிட்டனின் 2020 கொள்முதல். இங்கிலாந்தின் அவசரக் கையிருப்பு ஃபுளு காய்ச்சலை மனத்தில் வைத்துச் சேர்த்தது. மேலங்கிகளையும் சேர்க்கும்படி 2019-லேயே நிபுணர் குழு பரிந்துரைத்தும், கொரோனா வந்தபோது கையிருப்பில் அவை இல்லை. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2020 பிப்ரவரி முதல் ஜூலை வரை 3,200 கோடி பொருள்களுக்கு 1,250 கோடி பவுண்டு செலவானது. 2019-ஆம் ஆண்டு விலையில் வாங்கியிருந்தால் 250 கோடி பவுண்டு போதும். உலகமே ஒரே நேரத்தில் ஒரே பொருளுக்கு அலைந்தபோது விலை ஏறியதற்கு வாங்கிய அதிகாரிகளைக் குறை சொல்வது நியாயமல்ல. டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கியதும் குற்றமாகாது. கடும் அவசரத்தில் அதற்கு 2015-ஆம் ஆண்டின் கொள்முதல் விதிகளே இடம் தந்தன.

குவிந்த விண்ணப்பங்களில் எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்த விதத்தில்தான் பிழை நேர்ந்தது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், பிரபுக்கள், உயர் அதிகாரிகள் ஆகியோர் பரிந்துரைத்தவர்களுக்கென்று தனி முன்னுரிமைத் தடம் திறக்கப்பட்டது. அதில் நுழைந்த 493 பேரில் 47 பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. பொதுத் தடத்தில் காத்திருந்த 14,892 பேரில் கிடைத்தது 104 பேருக்கு மட்டுமே. சம வாய்ப்பு மறுக்கப்பட்டதால் இந்தத் தடம் சட்டவிரோதமானது என்று 2022 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலைபோல் குவிந்த விண்ணப்பங்களை ஏதாவது ஒரு சல்லடை கொண்டு சலித்துத்தானே ஆக வேண்டும் என்ற வாதம் சரியானது. அந்த வழக்குக்கு உள்ளான நிறுவனங்கள் தர முன்வந்த அளவு பெரிது. அந்தத் தடம் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்கக்கூடும் என்று அதே நீதிமன்றமும் சொன்னது. ஆனால் இந்தக் கூற்று எதிர்த்தரப்புக்கே வலுச்சேர்க்கிறது. பொருளின் அளவும் தகுதியுமே ஒருவரை முன்னுக்குக் கொண்டுவரப் போதுமென்றால், பரிந்துரைத்தவர் யார் என்று பார்க்கும் தடம் எதற்கு? அதே 2020-இல் கோயம்புத்தூரின் சிட்ரா ஆய்வகம், கவச உடைக்கான துணிகளில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்து, தேறிய துணிக்குச் சான்றுக் குறியீடு வழங்கியது. இந்தியக் கொள்முதல் குறையற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பொருளை முதலில் பார்க்கும் சல்லடையும் அவசரத்தில் இயலக்கூடியதே.

அப்படிப் பார்க்காததன் விளைவைச் சொல்ல ஒரு நாடாத் துண்டு போதும். நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். அதனால் தலையைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டை தேவை. வழக்குக்கு உள்ளான நிறுவனங்களில் ஒன்றிடம் வாங்கிய 5 கோடி முகக்கவசங்களில் இருந்ததோ காதில் மாட்டும் நாடா. இறுக்கமாக ஒட்டுமா என்ற ஐயத்தால் மருத்துவமனைகளுக்கு அவை அனுப்பப்படவே இல்லை. அரசு தந்த விவரக்குறிப்பின்படியே செய்து கொடுத்தோம் என்றது விற்ற தரப்பு. அது சரியென்றால், குறை வாங்கியவர்கள் எழுதிய குறிப்பிலேயே இருந்திருக்கிறது. ஒரு மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்துவிடக்கூடிய குறை அது.

2020–21 கணக்கில், 1,210 கோடி பவுண்டுக்கு வாங்கியவற்றின் மதிப்பில் 870 கோடி பவுண்டு தள்ளுபடியானது. அதில் 470 கோடி பவுண்டு சந்தை விலை சரிந்ததால் வந்த இழப்பு. அதை யாராலும் தவிர்த்திருக்க முடியாது. ஆனால் நலத்துறைப் பயன்பாட்டுக்கு ஒவ்வாதவை 260 கோடி பவுண்டு, அறவே பயனற்றவை 67 கோடி பவுண்டு. ஒப்பந்தங்களை 30 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்ற விதியும் மீறப்பட்டதாக 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கையெழுத்தான பிறகு செய்ய வேண்டிய இந்த வேலையால் ஒரு பெட்டிகூடத் தாமதமாக வந்திருக்காது.

முதலில் வாங்கிவிடலாம், மோசடியோ குறையோ இருந்தால் பிறகு வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது இன்னொரு வாதம். முன்னுரிமைத் தடத்தில் வந்த ஒரு நிறுவனம் கொடுத்த 2.5 கோடி மேலங்கிகள் முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்பட்டதற்குச் சான்று இல்லை என்று கண்ட உயர் நீதிமன்றம், 12.2 கோடி பவுண்டைத் திருப்பித் தருமாறு 2025 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்டது. பொருள் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய நாளே அந்த நிறுவனம் திவால் நிர்வாகிகளை அமர்த்தும் நடவடிக்கையைத் தொடங்கியிருந்தது.