நம்ம ஊர் எந்த ஜில்லா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், என் சான்றிதழ்ல திருச்சுழி, விருதுநகர் மாவட்டம்னு இருக்கு. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் ராமநாதபுரம் ஜில்லான்னுதான் சொன்னாங்க. எது சார் சரி?"

ரெண்டும் சரிதான்.

1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் இருந்து சில பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். பேர்தான் ராமநாதபுரம்; கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில்! 1985-ல் அது மூன்றானபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தன. 1997-ல் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது.

1985-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் பழைய வரைபடத்தை அழித்துவிட்டுப் புதியதை வரைந்தேன். "நம்ம கடல் எங்க சார் போச்சு?" என்று ஒரு பொடியன் கேட்டான். இன்றும் காதில் கேட்கிறது.

மாவட்ட எல்லை மாறலாம், தண்ணீர் போகும் பாதை மாறாது. குண்டாறு திருமங்கலம் பக்கமிருந்து வந்து, திருச்சுழியைத் தொட்டு, கமுதி வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. மழை பெய்தால்தான் ஆறு, மற்ற நாளில் வெறும் மணல். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து உள்ளே போகச் செய்த இடம் திருச்சுழி என்கிறது தலபுராணம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்ததும் இந்த ஊரில்தான். வானம் பார்த்த பூமிக்கு வெள்ளத்தின் பெயர்!

ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை. அதனால்தான் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். வரத்துக்காலில் தண்ணீர் வரும், மடை வழியே வயலுக்குப் பாயும், நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மேலே ஒருவர் அடைத்தால் கீழே நாலு ஊர் காயும். அதற்காகத்தான் குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டி எடுத்தது. கண்மாய்ப் பாசனத்தில் நெல், கரிசலில் பருத்தி, சோளம், கம்பு, மல்லி என்று வயிறு வளர்த்தோம்.

இன்று எங்கள் ஊர் வரத்துக்காலில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதைத் தாண்டினால் பிளாட் கல். போன மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், கண்மாயில் பாதிகூட இல்லை. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். காவிரியே வந்தாலும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் கண்மாய்க்கு எப்படி வந்து சேரும்?

கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டு, பதில் சொல்லாதவர்களை நிற்க வைத்திருக்கிறேன். நம்ம கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது என் தப்புதான்.

அதனால் இப்போது ஒரு வீட்டுப்பாடம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நடங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதை ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் முழு மார்க் உண்டு.