காலியிடத் தாளில் புதிய கட்டம்

கோயம்புத்தூர் பீளமேட்டில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பி.எஸ்.ஜி. டெக் 1951-லேயே வந்துவிட்டது, சி.ஐ.டி. 1956-ல். உள்ளே யாருக்கு எந்த சீட் கிடைத்தது என்பதுதான் மதிலுக்கு வெளியே நின்றவனுக்கு வெகுகாலம் தெரியாத சங்கதி. 1970-ல், பெரியகருப்பன் வழக்கில், எம்.பி.பி.எஸ். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் போட்ட விதத்தை உச்ச நீதிமன்றமே குறை சொல்ல வேண்டியிருந்தது.

1997-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைக் கொண்டுவந்தது. ரேங்க் ஊரறிய வெளியானது. பிறகு, எந்தக் கல்லூரியில் எந்த வகுப்புக்கு எத்தனை இடம் மிச்சம் என்பதும் கலந்தாய்வு நடக்க நடக்க இணையத்தில் ஏறியது. ஹோப்ஸ் பக்கம் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம் அது. ஜூலை வந்தால் பிரிண்டருக்கு ஓய்வில்லை. ஷிப்ட் முடித்துத் தலையில் பஞ்சோடு வருகிற மில்காரர்கள் தாளை மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு பார்ப்பார்கள். ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று அப்போது ஐந்தே கட்டம். பிசி முஸ்லிம் கட்டம் பிறகு வந்தது.

எஸ்சி கட்டத்துக்கு 18 சதவீதம். கொங்குப் பக்கம் அருந்ததியர் நிறையப் பேர். தோட்ட வேலையும் துப்புரவும் அவர்கள் தலையில்தான். அந்தப் பதினெட்டில் அவர்கள் பிள்ளைகளுக்கு எத்தனை போனது? தாளில் பதில் இராது. மொத்தக் கணக்கைக் காட்டி வாயை அடைக்கலாம். அவர்கள் தனிக்கணக்குக் கேட்டுப் போராடினார்கள். நீதிபதி ஜனார்த்தனம் 2008-ல் அறிக்கை தந்தார்; 2009-ல் சட்டம் வந்து 3 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தது. தாளில் எஸ்சிஏ என்றொரு கட்டம் முளைத்தது.

சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரியில் 60 இடமுள்ள ஒரு பாடப்பிரிவு என்றால் அரசுக்கு 65 சதவீதம், 39 இடம். அதில் மூன்று சதவீதம் ஒன்றுதான்.

“ஏனுங் தம்பி, அந்த ஒண்ணு இன்னும் இருக்குதுங்ளா?” துப்புரவுப் பணிக்குப் போகும் அம்மா ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து கேட்பார். பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டுவேன். அதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை.

இந்த உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீதமும் உண்டு. அந்த அறுபதில் மீதி 21 இடம் நிர்வாகத்துடையது. அதற்கு இப்படியொரு தாளை என் பிரிண்டர் ஒருநாளும் அடித்ததில்லை. யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது என்பதெல்லாம் இன்றைக்கும் அவினாசி ரோட்டு டீக்கடைப் பேச்சுதான்.