அயர்லாந்தின் நினைவுக் கற்களும் அவற்றின் எழுத்தும்

மறைந்தார் பெயரைக் கல்லிற் பொறித்தல் பல நாட்டார்க்கும் பொதுவாய வழக்கு. அப்பெயரோடு எதனைச் சேர்த்துப் பொறித்தனர் என்பதே ஆராய்தற்குரியது. அயர்லாந்தில் எழுத்து மாறியபோது, நினைவுக் கல்லின் நோக்கமும் உடன் மாறியது.

அந்நாட்டுக் கல்வெட்டுக்களுள் தொன்மையானவை ஓகம் எழுத்தில் அமைந்தவை. ஏறத்தாழ 400 கற்கள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலன கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு ஆகிய தென்பகுதிகளுக்கு உரியன. நட்ட கல்லின் விளிம்பே எழுத்துக்கு அடிக்கோடாகும். அதன் இருமருங்கும் குறுக்கும் இட்ட கீறல்கள் மெய்யெழுத்துக்கள். விளிம்பின்மேல் இட்ட சிறு வெட்டுக்கள் உயிரெழுத்துக்கள். தொடக்கத்தில் இருந்த எழுத்துக்கள் 20. இவற்றைக் கீழிருந்து மேனோக்கிப் படித்தல் பெருவழக்கு. பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். தந்தை பெயருக்கு முன் 'மக்வி' (மகனது) என்பதும், குலமுதல்வன் பெயருக்கு முன் 'முக்கோய்' என்பதும் வரும். பழைய ஐரிஷ் சட்டநூல்கள் ஓகக் கல்லை நிலவுரிமைக்குச் சான்றாகக் கொள்கின்றன. எனவே, குலவழியைக் கூறுதல் அக்கற்களின் முதன்மை நோக்கமாயிற்று எனலாம்.

ஷானன் ஆற்றங்கரையிலுள்ள குளோன்மக்னாய்ஸ் திருமடம் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கியாரான் என்னும் துறவியால் நிறுவப்பெற்றது. அங்குக் கல்லறைப் பலகைகளும் அவற்றின் துண்டுகளுமாக 700-க்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றில் சிலுவை வடிவும், ஏட்டுச்சுவடிகளில் வழங்கிய ரோமன் வழிவந்த எழுத்தும் காணப்பெறுகின்றன. 'ஓராய்ட் டோ' என்பது பெருவழக்கான தொடர். 'இன்னார் பொருட்டு வேண்டுதல்' என்பது அதன் பொருள். 'ஓராய்ட்' இலத்தீன் மொழியிலிருந்து வந்த கடன்சொல். சுவடியிற் போலவே அதனைச் சுருக்கி மேற்கோடிட்டு எழுதுவர். குலமுதல்வன் பெயர் மறைந்தது. தந்தை பெயரும் அருகியது. உரிமையை நிலைநாட்டிய கல், படிப்போரிடம் இறைவேண்டல் இரப்பதாயிற்று. ஒரு பலகை துவாதல் என்னும் கைவினைஞனுக்காக வேண்டுகிறது. அங்கே குலத்தின் இடத்தைத் தொழில் பெற்றது.

மொழி மாற்றமும் இதனுள் விளங்கும். ஓகத்தில் 'மக்வி' என நின்ற சொல் ஈற்றுயிர் கெட்டு வழங்கலாயிற்று. பலகைகளில் 'மக்' எனச் சுருங்கிய வடிவைக் காண்கிறோம். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இதனைத் தமிழ் 'மகன்' என்பதனோடு இயைத்தல் பொருந்தாது.

தந்தை பெயர் அருகியமை காலக்கணிப்பைக் கடினமாக்கிற்று. ஜார்ஜ் பெட்ரி, மக்காலிஸ்டர் ஆகியோர் பலகைப் பெயர்களை ஆண்டுக்குறிப்புக்களில் தேடினர். ஒரே பெயரைப் பலர் தாங்கியமையின், அம்முறை பல இடங்களில் ஊகமாகவே நின்றது. சுயிப்னே என்பாரின் பலகை இதற்குப் புறனடை. அதில் மெய்ல் உமா என்னும் தந்தை பெயரும் உண்டு. இவர் 891-இல் மறைந்த சிறந்த எழுத்தர் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புக் கூறும். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பும் இவரைப் போற்றும். ஆதலின், அப்பலகையின் எழுத்தும் சிலுவையும் பிறவற்றை ஒப்பிட்டு ஆராய்தற்கு ஓர் அளவுகோலாயின.

மற்றொரு பலகையில் கோல்மான் என்னும் பெயர் ரோமன் எழுத்திலும், 'ஏழை' எனப் பொருள்படும் அடைமொழி ஓகத்திலும் உள்ளன. பழைய எழுத்தைக் கற்றோர் முற்றும் மறந்திலர் என்பதை இது காட்டுகிறது. எனவே, எழுத்துவகை ஒன்றையே கொண்டு காலத்தை அறுதியிடல் ஆகாது. எழுத்தும் வாய்பாடும் மொழிவடிவும் ஒருங்கே ஆராயப்பெறல் வேண்டும்.