கெடு

கெடு (பெயர்ச்சொல்): ஒரு வேலை முடிந்தாக வேண்டிய கால எல்லை. தெலுங்கின் 'கடுவு' இதற்கு இனமான சொல். அழிவைக் குறிக்கும் 'கெடு' என்ற வினை வேறு. கடனிலும் வரியிலும் புழங்கும் இச்சொல்லே நிகழ்நேரக் கணினியியலுக்கும் ஏற்றது. ஆனால் அங்கே கெடு அவசரத்தையே சொல்லும், முக்கியத்துவத்தை அல்ல. விமானத்தில் பறப்புக் கட்டுப்பாடும் பராமரிப்புப் பதிவும் ஒரே கணினியில் ஓடினால், பதிவின் கெடு முந்தி வரலாம். உயிர் தொங்குவதோ கட்டுப்பாட்டில்.

அப்படியானால் முக்கியமான பணிக்கே எப்போதும் முன்னுரிமை தரலாமே என்பார்கள். கட்டுப்பாட்டுக்கு 40 மில்லிநொடி வேலை, கெடு 100. பதிவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒருமுறை 10 மில்லிநொடி வேலை, அடுத்த முறை வருவதே அதன் கெடு என்று வைப்போம். கட்டுப்பாடு முந்தினால் பதிவின் கெடு தவறும். பதிவு முந்தினால் கட்டுப்பாடு 80இல் முடியும், இரண்டும் கெடுவுக்குள் முடியும். கட்டுப்பாடு கணித்ததைவிட நீண்டால் மட்டும் பதிவைக் கைவிடலாம். பல செயலிகள் நினைவகத்தைப் பகிரும்போது இந்த நீட்சி எளிதில் நேரும். பணியின் உச்ச நேரத்தை முக்கியத்துவ நிலைக்கேற்ப வெவ்வேறாகக் கணிக்கும் வழியை ஸ்டீவ் வெஸ்டல் 2007இல் முன்வைத்தார். ஆகவே கலைச்சொல் ஆக்குவோர் கெடு, முன்னுரிமை, முக்கியத்துவம் மூன்றையும் பிரித்தே ஆள வேண்டும்.