விதியா? மதகா?

"விதி!" — வெள்ளம் வடிந்த ஊரில் முதலில் எழும் சொல் இது. வீடு போயிற்று, விதி. கன்று போயிற்று, விதி. விளைந்த கதிர் மணலுக்கடியிலே மறைந்தது, அதுவும் விதி! எல்லாச் சுமையையும் ஒற்றைச் சொல்லின் தலையிலே ஏற்றிவிட்டால், பிறகு எவரையும் எதையும் கேட்கவேண்டியதில்லை அல்லவா? நாம் கேட்கிறோம். கேட்பதற்காகவே கன்னிவாடி மலையடிவாரத்துக்கும், 1977ஆம் ஆண்டு நவம்பர் திங்களுக்கும் செல்கிறோம்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பாளையக்காரர் ஆண்ட பழைய ஊர் கன்னிவாடி. 1792இல் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஆட்சி மாறிற்று, நீரின் வழி மாறவில்லை. கீழ்ப்பழனி மலையிலே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, குடகனாறாகத் திரண்டு, வேடசந்தூர் வழியே வடக்கே சென்று, அமராவதியிலே கலந்து காவிரியை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும் ஆறு. அந்த மணலைக் கண்டு மனிதன் ஏமாறுகிறான் — "இதிலே வெள்ளமா!" என்று.

வெள்ளம் எங்கே பிறக்கிறது? வானத்திலே என்பர். பாதி உண்மை! ஈரக்காற்று மலையிலே மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகிறது. அந்த மழை மரத்தின் இலையிலே தங்கி, சருகிலே ஊறி, வேரின் வழியே மண்ணுக்குள் இறங்குமானால், சுனையாகவும் ஊற்றாகவும் மெல்ல மெல்ல வெளிவரும். மரம் அழிந்த சரிவிலோ, பெய்த நீர் பெய்தவுடனே பாய்கிறது. மண்ணையும் அள்ளிக்கொண்டு பாய்கிறது. கீழே, நீரை ஏந்திக்கொள்ளும் குளமும் கண்மாயும் தூர்ந்து, வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால், அந்த நீர் எங்கே போகும்? ஊருக்குள்தான் போகும். மழையைப் பொழிவது வானம். அந்த மழையை வெள்ளமாக்குவதிலே மனிதனுக்கும் பங்குண்டு!

1977 நவம்பர் 12ஆம் நாள், நாகப்பட்டினத்துக்கருகே கரையேறிய கடும்புயல், தமிழகத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கடலுக்குச் சென்றது. வழியெங்கும் பெருமழை. அந்தப் புயல் வெள்ளத்திலே, வேடசந்தூர் வட்டத்து அழகாபுரியில், குடகனாற்றின் குறுக்கே எழுந்திருந்த புதிய அணை உடைந்தது. நீண்ட மண்கரை. ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். நொடிக்கு 1,275 கனமீட்டர் வெள்ளத்தை வெளியேற்றவல்லது என்ற கணக்கு. பின், உடைந்தது ஏன்?

மதகுக் கதவுகளை உயர்த்த முற்பட்டனர் ஊழியர். பாதி உயர்ந்ததும் மின்சாரம் நின்றது. மாற்று மின்னாக்கியை இயக்கினர், பயன்படவில்லை. கைகளாலேயே திறக்கப் போராடினர். அதற்குள் நீர் கரையின்மேல் வழிந்தது. கல்லணை சற்றே தாங்கும், மண்ணணை தாங்குமா? வழிந்த நீர் பின்சரிவை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகன்ற உடைப்புகள் பல விழுந்தன.

ஊழியர்மீது நாம் பழி சுமத்தவில்லை. இறுதிவரை போராடியவர்கள் அவர்கள். நாம் கேட்பது இதுதான்: எந்தப் புயல் வெள்ளத்தைக் கொண்டுவருகிறதோ, அதே புயல்தானே மின்கம்பத்தையும் சாய்க்கும்? மதகின் உயிரை அந்தக் கம்பியிலே தொங்கவிட்டது விதியா, திட்டமிட்டோர் மறதியா? 1975இல் சீனத்தின் பாங்கியாவ் அணையும், 1979இல் குஜராத்தின் மோர்பிக்கு மேலிருந்த மச்சு அணையும், இதேபோல் மண்கரையின்மேல் நீர் வழிந்தே உடைந்தன. சீனத்திலும் குஜராத்திலும் வேடசந்தூரிலும் ஒரே தெய்வத்துக்கு ஒரே வகைக் கோபமா? அல்ல, எங்கும் ஒரே இயற்பியல்!

வெள்ளமெல்லாம் பகையுமல்ல. அளவோடு வரும் வெள்ளம் வயலுக்கு வண்டல் தருகிறது. கிணற்றுக்கு ஊற்றுத் தருகிறது. ஆற்று மீனைக் குளத்திலே சேர்க்கிறது. மீனை நாடி நாரையும் கொக்கும் வருகின்றன. நைல் நதியின் வண்டலை நம்பி வாழ்ந்த எகிப்திய உழவன், 1970இல் அசுவான் பேரணை முடிவுற்றபின், செயற்கை உரத்தை நாடவேண்டியதாயிற்று.

ஆனால், அணை உடைந்து வரும் வெள்ளம் கொடுப்பதற்கு வருவதில்லை. மேல்மண்ணை வாரிச் செல்கிறது; மண்புழுவும் நுண்ணுயிரும் அதனோடு போகின்றன. வளத்தின் இடத்திலே மணலைக் கொட்டுகிறது. கரையோரப் புதரை வேரோடு பறிக்கிறது. அங்கே கூடுகட்டிய பறவைக்கு இடமில்லை, அடுத்த வெள்ளத்திலே கரையைப் பிடித்துநிற்க வேருமில்லை. சாயக்கழிவோ தோல் பதனிடும் கழிவோ ஆற்றோரம் கிடந்தால், அதையும் சுமந்துசென்று அடுத்த ஊரின் வயலிலே பரப்புகிறது. வீட்டை ஓராண்டில் கட்டலாம். ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும்!

அழகாபுரி அணை மீண்டும் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. கன்னிவாடி மலையும் நிற்கிறது. மழை மீண்டும் வரும். அது வருமுன்னர் இளைஞர் கேட்கவேண்டியவை சில: சரிவிலே மரம் உண்டா? குளத்திலே ஆழம் உண்டா? வாய்க்கால் திறந்திருக்கிறதா? மின்சாரம் நின்றாலும் மதகு திறக்குமா?

இந்தக் கேள்விகளை மழைக்கு முன்பே கேட்கும் ஊரில், வெள்ளம் வடிந்தபின் 'விதி' என்ற சொல்லுக்கு வேலை இராது.